புது மெனு வேகம்னு ரிசல்ட் வந்தும் கைடு ஏன் ஏத்துக்கல?

10 பேரை வச்சு சாஃப்ட்வேரோட பழைய மெனு, புது மெனு ரெண்டையும் டெஸ்ட் பண்ணேன், புதுசுதான் வேகம், ஆனா கைடு செல்லாதுங்கிறார்னு கேட்டிருக்கீங்க. காரணம் உங்க பதிவுலயே இருக்குங்க, எல்லாருக்குமே பழைய மெனுவைத்தான் முதல்ல குடுத்திருக்கீங்க. ரெண்டாவது வர்றப்போ வேலை பழகிடும், 'பாஸ்வேர்டு மாத்துங்க'ன்னு சொன்னதுமே செட்டிங்ஸ்ல தேடணும்னு தெரிஞ்சிருக்கும், அப்போ வேகம் டிசைனால வந்ததா பழக்கத்தால வந்ததான்னு பிரிக்கவே முடியாது.

பாதிப் பேருக்கு பழசு முதல்ல, மீதிப் பேருக்கு புதுசு முதல்லன்னு மாத்திக் குடுங்க, டாஸ்க்கும் ஒரே அளவு கஷ்டத்துல ரெண்டு செட் வச்சுக்குங்க. நேரத்தோட தப்பையும் எண்ணுங்க, இது ரொம்ப முக்கியம், அவசரத்துல தப்பா அழுத்துறவங்களும் வேகமாத்தான் தெரிவாங்க. ஒரே ஆள் ரெண்டையும் பண்றதால பேர்டு டி-டெஸ்ட் (ஒவ்வொரு ஆளோட ரெண்டு அளவையும் ஜோடியா ஒப்பிடுற புள்ளியியல் சோதனை), அதை நேரத்துக்கு லாக் (மடக்கை, logarithm) எடுத்துட்டுப் போடுங்க.

பயன்படுத்த சுலபமா இருந்துச்சான்னு கேக்க சொந்தமா கேள்வி எழுதாதீங்க, 1986ல ஜான் ப்ரூக் உருவாக்கின எஸ்யூஎஸ் (System Usability Scale)ங்கிற கேள்வித்தாள் இருக்கு, 10 கேள்விதான், இரட்டைப்படைக் கேள்விகள் குறை சொல்ற மாதிரி இருக்கும், அதுக்கு மார்க்கைத் தலைகீழாப் போடணும், பலரும் கோட்டை விடுற இடம் அது.

இருக்கிற டேட்டாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஆளுக்கு ஆள் நேரம் எவ்வளவு மாறுதுன்னு அதுல தெரியும், அடுத்த ரவுண்டுக்கு எத்தனை பேர் வேணும்னு கணக்குப் போட உதவும்.