பறவை எண்ணுகிற பிள்ளையை விடுதிக்கு அனுப்பலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய் சென்ற வாரம் தன் மகளோடும் அண்ணனோடும் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். கணவர் விசைப்படகில் டிரைவர். அன்று கடலுக்குப் போயிருந்தார். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிப் பசுமைப் படை ஆசிரியையோடு ஞாயிறு காலைகளில் தனுஷ்கோடி பஸ் ஏறி, கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பறவை எண்ணுகிறாள். "எண்ணினால் சோறு கிடைக்குமா சார்? மதுரையில் நீட் அடித்தளப் பயிற்சியோடு விடுதிப் பள்ளி இருக்கிறது, நானே சேர்த்துவிடுகிறேன்" என்றார் தாய்மாமா. பிள்ளை வாயே திறக்கவில்லை. மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

நானும் முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். கட்டணத் தாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். ஆண்டுக்கு 1,60,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 6,40,000.

அம்மா, உங்கள் அண்ணன் முன்னால் சொல்லத் தயங்கியதை இப்போது எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில்தான் நிற்கும். பள்ளிக் கட்டணம் கேட்கிற மாதங்களும் அவைதான். கழுத்தில் கிடப்பதை அடகு வைத்துக் கட்டுவீர்கள், அடுத்த ஆண்டு எதை வைப்பீர்கள்?

கட்டுகிற பணம் மட்டுமல்ல, இழக்கிறதும் பெரிது. உங்கள் மகள் எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தேறியவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் அவள் கணக்கில் வரும். தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2020-இல் வந்த இந்தச் சலுகை மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் வரை விரிந்தது. அந்த இடங்களுக்குக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரி போகிற பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இப்படித் தனியார் பள்ளிக்கு மாறினால் கிடைக்காது. டாக்டராக்குகிறேன் என்று அழைத்துப் போகிறவர், டாக்டராவதற்கு அவளுக்கு இருக்கிற நல்ல வழியைத்தான் முதலில் அடைக்கிறார். அவருக்கு இது தெரிந்திருக்காது, அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் கடன் உங்கள் பெயரில் அல்லவா ஏறும்?

நீட் கேள்விகள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்து வருகின்றன. ஒன்பதில் தொடங்குவது, வலை கட்டும் முன்பே மீனுக்கு விலை பேசுவது போல. அவளுக்கே ஆசை வந்தால் பதினொன்றில் பேசிக்கொள்ளலாம். அன்று நான் கேட்டபோது அவள் தலையை இல்லை என்றுதான் அசைத்தாள். நீங்கள் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அப்படியானால் அபாகஸ், கீபோர்டு, ஏதாவது சான்றிதழ் தருகிற வகுப்பில் சேர்க்கட்டுமா?" என்றும் கேட்டீர்கள். வேண்டாம். நம் மாநிலத்தில் கல்லூரி இடம் பெரும்பாலும் மதிப்பெண்ணை வைத்துத்தான். பறவை எண்ணுவதற்கும் அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு எதற்கு? அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

நேரம், இடம், காற்று. கச்சானா, வாடையா என்றுகூட எழுதியிருக்கிறாள். பிறகு பறவைப் பெயரும் எண்ணிக்கையும். "நிறைய" என்ற சொல் எங்கும் இல்லை. நானூறு பூநாரை நிற்கிற இடத்தில் ஒவ்வொன்றாக எண்ண முடியாது; முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவால் கூட்டத்தை அளக்க வேண்டும். உப்புக்கொத்தியா, உள்ளானா என்று தெரியாதபோது "இனம் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாள். தெரியாததைத் தெரியாது என்று எழுத நம் வகுப்பறையில் யார் கற்றுத்தருகிறார்கள்? அங்கே வெற்றிடம் விட்டால் மதிப்பெண் போய்விடும்.

பொங்கல் விடுமுறையில், 2015-இலிருந்து தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, பட்டியலைப் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஆசிரியையின் கைபேசி போதும். "கண்டு அறிந்த எல்லாப் பறவைகளையும் குறித்தீர்களா?" என்று அது கேட்கும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் எழுதினால், இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக இருந்தால், சரிபார்ப்பவர் எப்படி எண்ணினாய் என்று விளக்கம் கேட்பார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, முகம் தெரியாத ஒருவருக்குத் தன் எண்ணுக்கான காரணத்தை எழுதுகிறாள். இதற்கு வகுப்பு வைத்தால் எவ்வளவு வாங்குவார்களோ!

வீட்டிலும் ஒரு ஆசிரியர் இருக்கிறார். ஆலாக் கூட்டம் விழுகிற இடத்தில் மீன் இருக்கும் என்று கடலில் பார்த்தே படகைத் திருப்புகிறவர் உங்கள் கணவர். தடைக்காலத்தில் அவர் வீட்டில் இருக்கும்போது, வடகடலில் எந்தப் பறவை, தென்கடலில் எந்தப் பறவை, அவற்றுக்குத் தம் வாயில் என்ன பெயர் என்று அவளுக்குச் சொல்லட்டும். வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை அப்போது போயிருக்கும்; பெயர்கள் போகாது.

சில கண்டிப்புகள் எனக்கும் உண்டு. தனியாகக் கரைக்குப் போகக் கூடாது. வாரம் ஒரு காலை, இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றாலும் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பைனாகுலர் வாங்கித் தர இப்போது கடன் வாங்காதீர்கள். பத்தாம் வகுப்பு வந்தாலும் அந்த ஞாயிறு காலையைப் பிடுங்காதீர்கள். நேரம் வேண்டுமென்றால் தொலைக்காட்சியிலிருந்து எடுங்கள்.

விடுதிக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டதாகக் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னீர்கள். ரசீது இருந்தால் இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள். அண்ணனை அனுப்பாதீர்கள், நீங்களும் உங்கள் கணவருமாகப் போங்கள்.