பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் தேவையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் ஹேட்ச்பேக் காருக்கு ஆறு வயதாகிறது, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அண்மையில் குடும்பத்துடன் கொல்லிமலை சென்று திரும்பியபோது பாதி மலை இறங்குவதற்குள் கருகிய நாற்றம் வந்தது. பிறகு பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கி, ஏறக்குறைய தரை வரை சென்றது. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்த பின் பழையபடி பிடித்தது. பின் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் சொல்லியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், பழுது டிரம்மில் இருப்பதாகத் தெரியவில்லை. சூட்டினால் பிரேக் வலுவிழப்பது இரண்டு வகையில் நிகழும். டிஸ்கைக் கவ்வி நிறுத்தும் உராய்வுக் கட்டைகளான பேடுகள் தாங்கும் சூட்டை மீறிவிட்டால், பெடல் கெட்டியாகவே இருக்கும். ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காமல் நழுவும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டாலோ, குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்தைச் சேராமல் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் உள்ளே போகும். ஆறிய பின் ஆவி மீண்டும் திரவமாகி, எதுவுமே நடக்காததுபோல் பிரேக் பிடிக்கும். கருகிய நாற்றம் பேடுகளும் எல்லையைத் தொட்டுவிட்டதைக் காட்டுகிறது என்றாலும், உங்களைக் கைவிட்டது பெரும்பாலும் ஆயில்தான்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 டிகிரி. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இந்த ஆயிலை, போனட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவில் அளவு குறையவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஐந்தாறு ஆண்டுகள் அப்படியே விட்டுவைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். உங்கள் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற குறிப்பே அதில் இல்லாமல் போகலாம்.

மலை இறக்கம் பிரேக்கிடம் எவ்வளவு கேட்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரை ஒருமுறை முழுதாக நிறுத்தும்போது உண்டாகும் சூட்டைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு சூடு, அதே கார் 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்பட்டாக வேண்டும். காற்றின் தடையும் எஞ்சினும் சுமந்துகொள்ளும் பங்கு போக, மீதி முழுவதும் டிஸ்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூன்றாவது, நான்காவது கியரில் இறங்கிக்கொண்டு, பெடலில் இலேசாகக் கால் வைத்தபடியே வந்தால், எந்த டிஸ்க்குக்கும் ஆறுவதற்கு இடைவெளி கிடைக்காது.

பின் சக்கரத்துக்கு வருவோம். பிரேக் அடித்ததும் வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் 70 சதவீத அளவுக்கு முன் சக்கரங்களே செய்கின்றன. ஆயில் கொதித்திருக்கக்கூடிய இடமும், பேடுகளை டிஸ்கின்மேல் அழுத்தும் முன் காலிப்பர்தான். பின்னால் டிஸ்க் மாட்டினாலும் முன்னால் சூடு பெரிதாகக் குறையாது. மேலும், டிரம்மை டிஸ்காக மாற்றுவது நான்கு போல்ட்டுகளோடு முடிந்துவிடும் காரியம் அன்று. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களில் ஒன்றைச் சக்கரத்தின் சுழற்சியே இன்னும் இறுக்கமாக இழுத்துக்கொள்ளும். டிஸ்கில் அந்த உதவி இல்லாததால் கூடுதல் அழுத்தம் வேண்டும். காலிப்பர் பிஸ்டன் பெரிது என்பதால் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் அனுப்பும் ஆயிலின் அளவு போதாமல் போகலாம். ஹேண்ட் பிரேக்குக்குத் தனி ஏற்பாடு தேவைப்படும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, முன் பின் பிரேக் விகிதம். டிரம்மை மனதில் வைத்து நிறுவனம் அமைத்த அந்த விகிதம் குலைந்து, மழைச் சாலையில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் கார் அப்படியே சுழன்றுவிடும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தாலும் அதன் கணிப்புகளெல்லாம் பழைய அமைப்புக்கு உரியவை.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்கும் வேளையில் காப்பீட்டு நிறுவனம் இதைக் கிளறினால் விளக்கம் சொல்வது எளிதன்று.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். கார் கையேட்டில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருந்தால், சீல் பிரிக்காத டாட் 4 டின் ஒன்றை வாங்கி, நான்கு சக்கரங்களிலும் பழைய ஆயில் முழுவதும் வெளியேறிப் புதிய நிறம் வரும்வரை ஏர் எடுக்கச் சொல்லுங்கள். டப்பாவில் உள்ளதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றும் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. பெயரில் ஓர் எண் கூடியிருக்கிறதே என்று அதை ஊற்றிவிடக் கூடாது. முன் பேடுகளைக் கழற்றிப் பாருங்கள். உராயும் பரப்பு பளபளப்பு ஏறி வழவழப்பாக இருந்தாலோ, ஓரங்களில் வெடிப்பு தெரிந்தாலோ புதியவை போட்டுவிடுவது நல்லது. பல பேடுகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது மிகுந்த சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். ‘எஃப்’ என்றால் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை, ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை. மலைக்கு அடிக்கடி செல்பவர் இரண்டாவது எழுத்து ‘ஈ’யாக இருக்கும் பேடைத் தவிர்க்கலாம். பேடு மாற்றிய பின், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை அழுத்திக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன்கள் பேடைத் தொடும்வரை முதல் சில மிதிகளுக்கு பிரேக்கே இருக்காது. பட்டறை வாசலிலேயே முன் நின்ற வண்டியில் இடித்தவர்கள் உண்டு.

கேள்வி: என் செடான் கார் மழையில் நிற்க அதிகத் தூரம் எடுத்துக்கொள்கிறது. துளையிட்ட டிஸ்க்கும், பிரேக் ஆயிலுக்கு ஸ்டீல் பின்னல் ஹோஸும் போட்டால் பலன் இருக்குமா?
– வாசகி, மதுரை

பதில்: ஆளரவமற்ற நேரான சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மிதமான வேகத்தில் ஒருமுறை பிரேக்கை ஓங்கி அழுத்திப் பாருங்கள். ஏபிஎஸ் இயங்கிப் பெடல் காலடியில் அதிர்ந்தால், சக்கரத்தைப் பூட்டும் வலு உங்கள் பிரேக்குக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள், பற்றாக்குறை டயரில்தான். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர், ஈரச் சாலையில் அதற்கு வெகு முன்பே பிடிப்பு குறையத் தொடங்கிவிடும் என்பதால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் பரிந்துரை.

துளைகள் பழைய காலப் பேடுகள் சூட்டில் கக்கிய வாயுவை வெளியேற்றுவதற்காக வந்தவை. இன்றைய பேடுகளுக்கு அந்தத் தேவை குறைவு. மலிவான துளை டிஸ்க்குகளில் துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் பெடலைக் கெட்டியாக்கும். நிற்கும் தூரத்தைக் குறைக்காது. உங்கள் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருந்தால் மட்டும், நிறுவனத்தின் ஹோஸையே வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: கியரைத் தானாக மாற்றும் ஏஎம்டி கார் வைத்திருக்கிறேன். வால்பாறையிலிருந்து இறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடலாம் என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தவறு, மிச்சமும் ஆகாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாதிருக்க பெட்ரோல் செலவாகும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட ஆபத்தானது: பெடலுக்கு வலு சேர்க்கும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்து, பெடல் கல்லாக இறுகிவிடும். ஆழியாறு வரையிலான 40 வளைவுகளையும் மேனுவல் முறையில் இரண்டாவது கியரில் வைத்து இறங்குங்கள். செங்குத்தான இடங்களில் முதல் கியர். வளைவுக்கு முன்பே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள்.