அலாஸ்காவின் ப்ரூக்ஸ் மலைத்தொடர் ராக்கி மலைகளின் தொடர்ச்சிதானா? அங்குள்ள பாறைகள் எப்படி உருவாயின?

உலக வரைபடத்தில் பார்த்தால் தொடர்ச்சி மாதிரிதான் தெரியும். கனடாவின் மேற்கோரமாக வடக்கே ஏறும் ராக்கி மலைகள், ஆர்க்டிக் கடலை நெருங்கியதும் இடப்பக்கம் திரும்பி அலாஸ்காவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கும். பல நூல்களும் ப்ரூக்ஸை "ராக்கியின் வடகோடி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. நிலவியல்படி அது சரியில்லை. ப்ரூக்ஸ் வேறொரு மோதலில், வேறொரு திசையிலிருந்து வந்த அழுத்தத்தில் எழுந்த மலை.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். மேற்கே சுக்சி கடலோரம் தொடங்கி, கிழக்கே கனடாவின் யூகான் பகுதிக்குள் நுழையும் வரை சுமார் 1,100 கிலோமீட்டர் நீளம். எல்லாமே ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே. இது ஒரே சுவராக நிற்பதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக டி லாங், பேர்ட், ஷ்வாட்கா, எண்டிகாட், ஃபிலிப் ஸ்மித், ரொமான்சாஃப் என்று பல துணைத்தொடர்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்காக அலாஸ்காவில் நெடுங்காலம் உழைத்த ஆல்ஃபிரட் ஹல்ஸ் ப்ரூக்ஸின் பெயரை 1925ல் இதற்கு வைத்தார்கள்.

முகட்டில் விழும் மழை மூன்று பக்கமாகப் பிரிகிறது. வடக்கே கோல்வில், சாகவானிர்க்டாக், கேனிங் ஆறுகள் வழியாக ஆர்க்டிக் பெருங்கடலுக்கு. தெற்கே கொயுகுக், சாண்டலார் வழியாக யூகான் ஆற்றில் கலந்து பெரிங் கடலுக்கு. மேற்கே நோவாட்டாக், கோபுக் ஆறுகள் வழியாக கோட்செபூ விரிகுடாப் பக்கம். தென்சரிவின் பள்ளத்தாக்குகளில் ஸ்ப்ரூஸ் மரங்கள் உண்டு. முகட்டைத் தாண்டினால் மரம் மிக அரிது. பெரும்பாலும் ஆற்றோர வில்லோ புதர்களும் புல்லும் பாசியும்தான்.

மிக உயர்ந்த சிகரம் எது என்பதே நெடுநாள் தீராமல் இருந்தது. 1950களின் நிலவரைபடங்களில், அளவுத்திட்டம் மாறினால் உயரமும் மாறும். ஒன்றில் சேம்பர்லின், இன்னொன்றில் இஸ்டோ. 2014ல் பனியாறு ஆய்வாளர் மேட் நோலன் சிறு விமானத்திலிருந்து ஒளிப்படங்கள் எடுத்து முப்பரிமாணமாகக் கணக்கிட, பனிச்சறுக்கு மலையேறி கிட் டிலாரியே ஜி.பி.எஸ். கருவியுடன் சிகரங்களில் ஏறி அளந்தார். இரண்டும் ஒத்துவந்தன: இஸ்டோ 2,736 மீட்டர், ஹப்லி 2,718, சேம்பர்லின் 2,712. பழைய நூல்களில் சேம்பர்லின் முதலிடம் என்று இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சேம்பர்லினின் உச்சி பனிக்கட்டி. அது உருக உருக உயரமும் குறையும்.

இனி உங்கள் கேள்வியின் மையம். ராக்கி மலைகளில் பாறைத்தட்டுகள் மேற்கிலிருந்து கிழக்கும் வடகிழக்குமாகத் தள்ளப்பட்டன. காரணம் பசிபிக் பக்கமிருந்து வந்த கடலடிப் புவித்தட்டு. ப்ரூக்ஸில் தள்ளப்பட்ட திசை வடக்கு. இப்போதைய மலைக்குத் தெற்கே ஜுராசிக் காலத்தில் ஒரு சிறு கடல் இருந்தது. அங்கயூச்சம் கடல் என்பார்கள். அதன் மறுகரையில் கொயுகுக் என்ற எரிமலைத் தீவுவரிசை. சுமார் 17 முதல் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடல் மூடி, தீவுவரிசை கண்டத்தின் ஓரத்தில் வந்து மோதியது. கண்ட ஓரம் தெற்கு நோக்கித் தீவுகளுக்கு அடியில் இழுபட்டது. மேலே கிடந்த படிவுகள் உரிந்து, சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுபோல், வடக்கு நோக்கி அடுக்கடுக்காக ஏறின. பல நூறு கிலோமீட்டர் அகலமாகக் கிடந்த படிவுகள் இப்படித்தான் ஒரு மலைத்தொடருக்குள் அடங்கின.

இதற்குச் சாட்சிகள் மலையிலேயே இருக்கின்றன. தெற்கு அடிவாரத்தில் கடலடி பசால்ட்டும் (எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை), கடலடிச் சேற்றில் உருவான செர்ட் என்ற கடினப் பாறையும் ஒரு பட்டையாக ஓடுகின்றன. மூடிப்போன கடலின் மிச்சம் அவை. அதற்கு வடக்கே சிஸ்ட் பட்டை, அதாவது அழுத்தத்தில் உருமாறித் தகடுதகடாகப் பிளக்கும் பாறை. அதில் கிளாக்கோஃபேன் என்ற நீலக் கனிமம் உண்டு. அழுத்தம் மிக அதிகமாகவும் வெப்பம் ஒப்பளவில் குறைவாகவும் இருந்தால்தான் அது உருவாகும். பாறை ஆழத்துக்கு வேகமாக இழுக்கப்பட்டு, சூடேறி முடிவதற்குள் மேலே திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் வடக்கே டூனராக் சிகரத்தைச் சுற்றி, மேலே ஏறிய தட்டுகள் அரிக்கப்பட்டு ஒரு துளை விழுந்திருக்கிறது. அதன் வழியே, அடியில் நகராமல் கிடந்த மிகப் பழைய கேம்பிரியன், ஆர்டோவீசியன் காலத்துப் பாறைகள் தெரிகின்றன. மேலுள்ள பாறைகள் வேறிடத்திலிருந்து வந்து ஏறியவை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

மோதலோடு கதை முடியவில்லை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இரண்டாவது முறையாக, விட்டுவிட்டு அழுத்தம் வந்தது. வடகிழக்குப் பகுதி இன்றைய உயரம் பெற்றது இதனால்தான். இஸ்டோவும் சேம்பர்லினும் அந்த மூலையில் இருப்பது தற்செயல் அல்ல. அங்குள்ள ஒக்பிலாக் கிரானைட்டுக்கு வயது ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகள். பாறை மிகப் பழையது, அது ஏறிய உயரம் புதியது. ஒரு மலையின் வயதைக் கேட்கும்போது பாறையின் வயதையா, எழுந்த வயதையா என்று பிரித்துக் கேட்பது நல்லது. குழப்பங்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

இந்த மலையைக் குறுக்கே கடக்கும் சாலை ஒன்றே ஒன்று: டால்டன் நெடுஞ்சாலை. தெற்கே லிவன்குட் அருகிலிருந்து ஆர்க்டிக் கடலோர டெட்ஹார்ஸ் வரை 666 கிலோமீட்டர். எண்ணெய்க்குழாய் போடுவதற்காக 1974ல் அமைத்தது. நிலவியல் படிக்க விரும்புபவருக்கு இது வாய்த்த வரம். தெற்கிலிருந்து வடக்காக மலையை வெட்டிப் பார்த்ததுபோல் இருக்கும். மைல்கல் எண்களை வைத்தே சொல்கிறேன், அங்கே எல்லோரும் அப்படித்தான் இடம் சொல்வார்கள்.

மைல் 175 கோல்ட்ஃபுட், 189 வைஸ்மன். சுற்றிலும் சிஸ்ட் பட்டை. இதிலுள்ள குவார்ட்ஸ் நரம்புகளிலிருந்து கழன்ற தங்கம்தான் ஓடைமணலில் சேர்ந்து, 1900களின் தொடக்கத்தில் சுரங்கக்காரர்களை இங்கே இழுத்தது. மைல் 204 அருகே சுகாக்பாக் மலை: டெவோனியன் காலச் சுண்ணாம்புக்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சலவைக்கல்லாக மாறி, கடல்மட்டத்திலிருந்து 1,350 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அதற்கு வடக்கே கருஞ்சாம்பல் நிறத்தில் நொறுங்கும் ஹண்ட் ஃபோர்க் ஷேல், அதாவது சேறு இறுகிய மென்தகட்டுப் பாறை. மைல் 244ல் அட்டிகன் கணவாய், 1,444 மீட்டர். இங்கே கணாயூட் திரள்பாறையைத் தேடுங்கள்: மணற்கல்லுக்குள் செர்ட், குவார்ட்ஸ் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். கணவாயைத் தாண்டி அட்டிகன் பள்ளத்தாக்கின் வடமுனைக்கு வந்தால் லிஸ்பர்ன் சுண்ணாம்புக்கல்லின் வெளிர்சாம்பல் செங்குத்துகள். பிறகு மலை சட்டென்று முடிந்து, தூந்திரம் தொடங்கிவிடும்.

கணாயூட் திரள்பாறையில் ஒரு கணம் நிற்க வேண்டும். ஆறு உருட்டிக் கொண்டுவந்த கற்கள் அவை. எந்தப் பக்கமிருந்து? மணற்கல்லின் சாய்ந்த படிவரிகளை அளந்தால் ஆறுகள் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தது தெரிகிறது. இன்று வடக்கே இருப்பது கடல். ஆக, 36 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம், அதுவும் மலைநிலம் இருந்திருக்கிறது. பெரும்பாலான நிலவியலாளர்கள் ஏற்கும் விளக்கம் இது: வடஅலாஸ்கா அப்போது கனடாவின் ஆர்க்டிக் தீவுகளை ஒட்டி இருந்தது, கிரிட்டேசியஸ் காலத் தொடக்கத்தில் (ஜுராசிக்கை அடுத்த காலம்) வடமேற்குக் கனடாவின் மெக்கன்சி கழிமுகத்தை அச்சாகக் கொண்டு சுழன்று விலகியது, திறந்த இடைவெளியே இன்றைய கனடா கடற்படுகை. ப்ரூக்ஸ் எழுந்த பிறகு வண்டல் வரும் திசை தலைகீழாகி, தெற்கிலிருந்து வடக்காக ஓடத் தொடங்கியது. ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லில் இவ்வளவும் இருக்கிறது.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பத்து மடங்கு உருப்பெருக்கும் சிறு லென்ஸ், 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடைத்த சொட்டுக்குப்பி, சுத்தியல், கண்ணுக்குக் கண்ணாடி. லிஸ்பர்ன் கல்லில் ஒரு சொட்டு விட்டால் உடனே நுரைக்கும். அதிலேயே சில அடுக்குகள் டோலமைட்டாக (மக்னீசியம் சேர்ந்த வகை) மாறியிருக்கும், அவை நுரைக்காது. ஆணியால் சுரண்டிப் பொடியாக்கி அதன்மேல் விட்டால் மெல்ல நுரைக்கும். இதைத் தெரியாமல் சுண்ணாம்புக்கல் முடிந்துவிட்டது என்று எல்லைக்கோடு போட்டுவிடுபவர்கள் உண்டு. லென்ஸில் பார்த்தால், நடுவில் துளையுள்ள சிறு வட்டத் தகடுகள் தெரியும். அவை கடல் அல்லி என்ற, பூப்போல் தோன்றும் கடல் விலங்கின் தண்டுத் துண்டுகள். சுகாக்பாக் சலவைக்கல்லும் நுரைக்கும். ஆனால் படிகங்கள் மினுக்கும், உயிர்த்தடம் பெரும்பாலும் அழிந்திருக்கும்.

தூரத்திலிருந்து நிறத்தை வைத்து ஓரளவு சொல்லலாம். குவார்ட்ஸ் மிகுந்த பாறையில் கருநிற லைக்கன் (பாறைமேல் ஒட்டி வளரும் பாசிபோன்ற உயிரி) நன்றாகப் படரும், சுண்ணாம்புக்கல்லில் படர்வது குறைவு. எனவே கருத்த சரிவு பெரும்பாலும் மணற்கல்லோ திரள்பாறையோ, வெளுத்த செங்குத்து லிஸ்பர்ன். ஆனால் சரிவில் காலடியில் கிடக்கும் கல்லை நம்பவே கூடாது. ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் உறைமண்ணுக்கு மேலுள்ள அடுக்கு கோடையில் உருகி, ஈரமண் ஆண்டுதோறும் சென்டிமீட்டர் கணக்கில் கீழே நகர்கிறது. மேலே 500 மீட்டர் தள்ளி இருந்த கல் இங்கே வந்திருக்கும். பாறையோடு ஒட்டி நிற்பதை மட்டுமே அளக்க வேண்டும்.

ப்ரூடோ பே எண்ணெய் வயலுக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவைப் பலர் கவனிப்பதில்லை. 1968ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வயலில் எண்ணெய் தேங்கியிருப்பது முக்கியமாக ஐவிஷாக் மணற்கல்லில், ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில். அதே மணற்கல் ப்ரூக்ஸின் வடகிழக்கு மூலையிலுள்ள சாட்லராச்சிட் மலைகளில் வெயிலில் கிடக்கிறது. அதை உள்ளடக்கிய படிவுத்தொகுதிக்கே சாட்லராச்சிட் என்றுதான் பெயர். 1906 முதல் 1914 வரையான காலத்தின் பெரும்பகுதியை ஃபிளாக்ஸ்மன் தீவில் கழித்து, நாய்வண்டியிலும் சிறு படகிலும் போய் அதை வரைந்து பெயரிட்டவர் எர்னெஸ்ட் லெஃபிங்வெல். அவர் அறிக்கை 1919ல் வந்தது. தனிமனிதராகச் செய்த அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அப்படியானால் எண்ணெய் ஏன் மலையடிவாரத்தில் கிடைக்கவில்லை, கடலோரத்தில் கிடைத்தது? மலையின் எடை புவியோட்டை அமுக்கியது. அமுங்கிய பள்ளத்தில், மலையிலிருந்தே அரித்துவந்த வண்டல் பல கிலோமீட்டர் தடிமனுக்கு நிரம்பியது. அடியில் சிக்கிய ஷுப்லிக், கிங்காக் ஷேல்கள் சூடாகி எண்ணெய் கசிந்தன. எண்ணெய் மேட்டை நோக்கி ஊரும். மேடு இருந்தது வடக்கே, கடலோரமாக நிலத்தடியில் பாறைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும் பேரோ வளைமேட்டில். அங்கே ஐவிஷாக் மணற்கல்லின் மேல் நீர்கசியாத ஷேல் மூடியிருந்ததால் தங்கிவிட்டது. பள்ளத்தின் ஆழமான தென்பகுதியில் வெப்பம் மிஞ்சிப்போனதால் எண்ணெய் அங்கே நிலைக்காது, வாயுவாகிவிடும்.

அந்த எண்ணெயைக் கொண்டுபோகும் 1,287 கிலோமீட்டர் குழாய் 1977ல் ஓடத் தொடங்கியது. பாதிக்கு மேல் தரைக்கு மேலே தூண்களில் போகிறது. சூடான எண்ணெய் உறைமண்ணை உருக்கினால் தரை இறங்கிக் குழாய் வளைந்துவிடும். பல தூண்களுக்குள் அமோனியா நிரப்பிய வெப்பக்குழல்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அவை மண்ணின் வெப்பத்தை வெளியே இழுத்துவிடும். அட்டிகன் கணவாயில் தலைகீழ்: பனிச்சரிவு தூணை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், வெப்பம் கடத்தாத பெட்டிக்குள் வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

மேற்குக் கோடியில் ரெட் டாக் சுரங்கம், 1989 முதல். கார்பானிஃபெரஸ் காலக் கரிய ஷேலில் துத்தநாகமும் ஈயமும். ஓடை துருநிறத்தில் இருப்பதை வானிலிருந்து பார்த்த ஒரு விமானியின் கண்ணில்தான் இது முதலில் பட்டது.

அந்தத் துருநிறம் இப்போது வேறு இடங்களிலும் தோன்றுவதுதான் கவலைக்குரிய செய்தி. 2024ல் வெளியான ஆய்வு ப்ரூக்ஸில் 75 ஓடைகள் இப்படி நிறம் மாறியதைப் பதிவு செய்தது. உறைமண் உருகும்போது, அதுவரை நீரும் காற்றும் படாமல் இருந்த பைரைட் போன்ற சல்பைடு கனிமங்கள் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன, அமிலம் பிறக்கிறது, இரும்போடு துத்தநாகம், நிக்கல், செம்பு, காட்மியமும் கரைந்து வருகின்றன. சுரங்கமே இல்லாத பள்ளத்தாக்கில் சுரங்கக் கழிவுநீர் ஓடுவதற்குச் சமம். நடந்து போகிறவர்கள் ஆரஞ்சு நிற ஓடையில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. சாதாரண வடிகட்டி கிருமியைத்தான் தடுக்கும், கரைந்த உலோகத்தை அல்ல.

ஆறுகளில் இன்னொரு ஆபத்து, அடுக்குப்பனி. சுண்ணாம்புக்கல் ஊற்றுகள் குளிர்காலம் முழுக்க நிற்காமல் சுரக்கும். வெளியே வந்த நீர் அடுக்கடுக்காக உறைந்து சில மீட்டர் தடிமனாகிவிடும். ஜூலையிலும் மிச்சமிருக்கும். படகில் போகிறவர்கள், நீரோட்டம் பனிக்கு அடியில் நுழைகிறதா என்று கரையிறங்கிப் பார்த்த பிறகே தொடர வேண்டும். மழை பெய்தால் ஆறு சில மணி நேரத்தில் பொங்கும், ஏனென்றால் கீழே உறைமண் தண்ணீரை உறிஞ்சாது. கூடாரத்தைச் சரளைமேட்டில் போடுவதாக இருந்தால் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டருக்கு மேலாவது பாருங்கள்.

சாலைவழி போகிறவர்களுக்கு: கோல்ட்ஃபுட்டை விட்டால் டெட்ஹார்ஸ் வரை 386 கிலோமீட்டருக்குப் பெட்ரோல், உணவு, பழுதுபார்ப்பு எதுவுமில்லை. ஷேல் சரளை கத்திபோல் டயரைக் கிழிக்கும். முழு அளவு மாற்று டயர் இரண்டு வேண்டும், பெட்டிக்குள் வரும் சிறிய டயர் உதவாது. லாரிகள் எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து வலது ஓரம் ஒதுங்குங்கள். இல்லாவிட்டால் முன்கண்ணாடி போய்விடும். சி.பி. ரேடியோவில் (வண்டிகளுக்கிடையே பேச உதவும் குறுந்தொலைவு வானொலி) லாரிக்காரர்கள் 19ஆம் அலைவரிசையில் இருப்பார்கள். நடந்து போகிறவர்கள் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் வரைபடத்தைத் தாளில் எடுத்துச் செல்லலாம். உயரக்கோடுகள் அடியில் இருக்கும், மீட்டரில் அல்ல. பனியாற்று நாக்குகள் அந்த வரைபடத்தில் இருப்பதைவிட இப்போது வெகுவாகப் பின்வாங்கிவிட்டன. பனிமேல் நடக்கலாம் என்று திட்டமிட்ட இடத்தில் நிலையற்ற கற்குவியல்தான் இருக்கும். கிளம்புமுன் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்டிக்டெம் உயரத்தரவையும் அண்மைச் செயற்கைக்கோள் படத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பாதையைத் தீர்மானியுங்கள்.