ரிப்போர்ட்டில் 'குறைவு', ஆனால் ஆள் தள்ளாடுகிறார்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. வலிப்புக்காகப் பல வருடங்களாக எப்டாயின் 100 மி.கி. மாத்திரை தினம் மூன்று சாப்பிடுகிறார். இப்போது கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. கொஞ்ச நாளாக நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்ததில் 9 என்று வந்தது. பக்கத்திலேயே 'குறைவு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் டாக்டர் மாத்திரையைக் குறைக்கச் சொல்கிறார். குறைவாக இருப்பதை இன்னும் குறைப்பார்களா? ரிப்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: டாக்டர் சொன்னபடியே செய்யுங்கள் அம்மா. அவர் கணக்கு சரி.

எப்டாயினில் உள்ள மருந்து ஃபெனிடோயின். ரத்தத்தில் கலந்ததும் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட மருந்தால் மூளைக்குள் போக முடியாது. ஒட்டாமல் மிஞ்சுகிற பத்துப் பங்குதான் ரத்தக்குழாயைத் தாண்டிப் போய் வலிப்பைத் தடுக்கிறது. அளவு மிஞ்சினால் தள்ளாட வைப்பதும் அதுதான். லேபில் வழக்கமாக அளப்பது ஒட்டியது, ஒட்டாதது இரண்டையும் சேர்த்து. மில்லி லிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்ற வரம்பு, அல்புமின் நன்றாக இருப்பவர்களுக்காகப் போட்டது.

அல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். டெசிலிட்டருக்கு 3.5 கிராமாவது இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நகலின் இரண்டாம் பக்கத்தில் அப்பாவுக்கு 1.8 என்று இருக்கிறது. ஒட்டிக்கொள்ள இடம் பாதியாகிவிட்டால் ஒட்டாத மருந்தின் பங்கு ஏறும். மொத்த அளவு குறைந்து தெரியும், மூளைக்குப் போவது கூடியிருக்கும். இதைச் சரிக்கட்ட ஷைனர்–டோசர் சூத்திரம் என்று ஒன்று உண்டு. அல்புமினை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டுங்கள், அப்பாவுக்கு 0.46 வரும். 9-ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 19.6. அதாவது, அல்புமின் நன்றாக இருக்கும் ஒருவருக்கு 19.6 இருந்தால் மூளை எவ்வளவு மருந்தைப் பார்க்குமோ, ஏறக்குறைய அவ்வளவை அப்பாவின் மூளை இப்போது பார்க்கிறது. மஞ்சள் காமாலையும் சேர்ந்திருந்தால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் வேறு அல்புமினில் இடம் பிடித்துக்கொள்ளும். அப்போது உண்மை நிலை இந்தக் கணக்குக்கும் மேலே இருக்கலாம்.

மருந்தியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், இப்படி ஒரு நோயாளி வார்டில் இருந்தால் மாணவர்களை முதலில் ரிப்போர்ட்டைத் தொட விடமாட்டேன். ஒரு பேனாவை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்து, மெதுவாகப் பக்கவாட்டில் கொண்டுபோகச் சொல்வேன். கண்மணி பேனாவைத் தொடர்ந்து போகும். ஓரத்தில் நிற்காமல் சின்னச் சின்னதாகத் துடிக்கும். ஃபெனிடோயின் மிஞ்சுவதை அநேகமாக முதலில் காட்டிக்கொடுப்பது கண்தான். அப்புறம்தான் தள்ளாட்டம், குழறல், தூக்கக் கலக்கம். உங்கள் அப்பா இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவதும் கல்லீரல்தான், அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்பை நெருங்கியவருக்கு 50 மி.கி. கூட்டினாலே அளவு தாறுமாறாக ஏறிவிடும். அந்த 9-ஐ மட்டும் பார்த்து யாராவது மாத்திரையைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஒட்டாத மருந்தை மட்டும் தனியாக அளக்கும் பரிசோதனையைப் பெரிய லேப்கள் சிலவற்றில் செய்கிறார்கள், டாக்டரிடம் கேளுங்கள். அதில் 1 முதல் 2 வரை இருந்தால் சரி. ஆனால் பயந்துபோய் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம், அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பேரனுக்குக் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல். செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போடுகிறார்கள். காய்ச்சல் விட்டு, பிள்ளை எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். இன்னும் அதே அளவு ஊசி எதற்கு? பாதியாகக் குறைத்தால் என்ன?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பிள்ளை தேறியதே ஊசியைக் குறைக்காததற்குக் காரணம் ஐயா. மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் இந்த மருந்துகள் சாதாரணமாக அவ்வளவு எளிதில் போகாது, ரத்தத்துக்கும் அந்த நீருக்கும் நடுவே தடுப்பு இருக்கிறது. மூளை உறை வீங்கிச் சிவந்திருக்கும்போது அந்தத் தடுப்பு தளர்ந்து மருந்தை உள்ளே விடும். பென்சிலினும் அப்படித்தான். வீக்கம் வடிய வடிய வழி அடைபடும். அந்த நேரத்தில் அளவையும் குறைத்தால், மிச்சமிருக்கும் கிருமி இருக்கிற இடத்துக்குப் போதுமான மருந்து போய்ச் சேராது. எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து 7 நாள், 10 முதல் 14 நாள், சிலவற்றுக்கு அதற்கு மேலும் முழு அளவில் போட வேண்டும். தினமும் ஊசி குத்துவதைப் பார்க்கப் பாட்டன் மனசு தாங்காதுதான். ஆனாலும் டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுகிறார். கிட்னி பழுது என்று தெரிந்ததும் 0.25 மி.கி. மாத்திரையைப் பாதியாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தரச் சொல்லிவிட்டார்கள். இது போதுமா?
- வாசகி, ஆம்பூர்

பதில்: போதும். டிகாக்ஸின் ரத்தத்தில் தங்குவது கொஞ்சம்தான். பெரும்பகுதி இதயத்திலும் கை கால் தசைகளிலும் போய்ப் படியும். கிட்னி நன்றாகப் பழுதானால் தசை வாங்கிக்கொள்ளும் அளவு குறைகிறது, சிறுநீரில் வெளியேறுவதும் மெதுவாகிறது. அதனால் பழைய அளவே தந்தால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ரத்தத்தில் பொட்டாசியத்தையும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்பதையும் டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் பாருங்கள். சாப்பாடு வேண்டாம் என்றாலோ, குமட்டினாலோ, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றாலோ, அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.