பீடிக்கடை பாஸ்புக்

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் வள்ளியூர்ப் பக்கம். வீட்டிலிருந்தே கணினி வேலை. என் பெரியப்பா வில்லிசைக் குழுவில் குடம் அடித்தவர். கோயில் கொடைகளில் அவர்கள் பாடியதெல்லாம் கேசட்டுகளாக வீட்டில் கிடக்கின்றன. அவற்றை எழுத்தில் கொண்டுவரப் போன தை மாதம் தொடங்கினேன். நோஷன் செயலியில் அட்டவணை, டூடூயிஸ்ட் செயலியில் தினக் கெடு, காலை ஐந்தரைக்குக் கூகுள் காலண்டர் மணி, கடமைகளை விளையாட்டாக்கும் ஹாபிட்டிகா, 25 நிமிடம் வேலை, பிறகு கொஞ்சம் ஓய்வு என்கிற பொமொடோரோ என்று எல்லாம் பார்த்துவிட்டேன். ஒரு கேசட்கூட முடியவில்லை. பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. புத்தகமாகவே கையில் கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கு ஒழுக்கம் போதவில்லையா, கருவி சரியில்லையா? நீங்கள் எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறீர்கள்?

— ஒரு வாசகர்

தம்பி,

ஒழுக்கத்தை விடுங்கள். ஆபீஸ் வேலையைக் கெடு தவறாமல் முடிக்கிற ஆள்தானே நீங்கள்? பொமொடோரோ இருந்துவிட்டுப் போகட்டும், கெடுதல் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு டைரி. அதில் பால் கணக்கும் இருக்கும்.

நீங்கள் இணைத்திருந்த நோஷன் பக்கத்தைப் பார்த்தேன். தெய்வம் வாரியாக ஒரு நிறம், சுடலைமாடனுக்கு ஊதா. கதை வாரியாக, வருஷம் வாரியாக வடிகட்டிப் பார்க்க வசதி வேறு. இதற்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிற்று? அந்த நேரத்தில் கேசட்டை ஓடவிட்டு நாலு பக்கம் எழுதியிருக்கலாமே. கோபமாகத்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நாளாகவே எனக்கு அம்மாவின் பீடிக்கடை பாஸ்புக் ஞாபகமாக இருக்கிறது. முக்கூடல் பக்கம் பாதி வீடுகளில் அந்த நோட்டு இருந்தது. கடையில் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார்கள், அது அதில் ஏறும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டு. ஆயிரத்துக்கு நாற்பது கட்டு. கடைக்குக் கொண்டுபோனால் அங்கே இருப்பவர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். தொளதொளவென்று இருப்பதைக் கழித்து ஓரமாக எறிவார். மிச்சம் நோட்டில் ஏறும். கொடுத்த இலையே ஓட்டையும் சருகுமாக இருந்தாலும் அவருக்குக் கணக்கு கணக்குதான். அம்மா கைக்காசு போட்டு இலை வாங்கி ஈடுகட்டுவாள். நோட்டு எங்கள் வீட்டில் இருந்தது, பேனா கடைக்காரர் கையில் இருந்தது.

அந்தக் காலத்தைப் புகழ்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தூள் நெடியில் இருமி இருமி, இடுப்பு ஒடிந்து செய்த வேலை அது. வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களும் தொழிலாளிகள்தான் என்று 1966 சட்டம் சொன்னது. அதில் இருப்பதைக் கேட்டு வாங்க எங்கள் ஊர்ப் பெண்கள் பட்டபாடு தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது அந்தப் பேனாவைப் பற்றி.

உங்கள் செயலிகளில் நோட்டு, பேனா, அழிரப்பர் மூன்றும் உங்களிடமே இருக்கின்றன. டூடூயிஸ்டில் கெடு தாண்டினால் சிவப்பாகக் காட்டும். ஒரு தட்டு தட்டினால் வேலை நாளைக்குப் போய்விடும், சிவப்பும் போய்விடும். பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களுக்குக் கட்டம் போட்டு, தவறும்போதெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்தவர். புதுச் சுற்றுக்கு இடம் வேண்டிப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளே ஓட்டையாகிவிட, தந்தத் தகடுகளுக்கு மாறி, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். அவ்வளவு செய்தும் ஒழுங்கு என்கிற குணம் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அவருக்கே அந்தக் கதி.

செயலி செய்கிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. ஹாபிட்டிகாவில் குழுவாகச் சேர்ந்து பூதத்தோடு மோதும்போது நீங்கள் ஒரு நாள் கடமையைத் தவறவிட்டால் அடி குழுவில் எல்லோருக்கும் விழும். நீங்கள் தனியாகத்தான் ஆடியிருப்பீர்கள், அடித்துச் சொல்வேன். பீமைண்டர் என்று ஒன்று, தவறினால் காசையே பிடித்துக்கொள்ளும். யேல் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் தொடங்கிய ஸ்டிக்-கே தளத்தில் காசு பந்தயம் வைத்து, நாம் செய்தோமா இல்லையா என்று சொல்ல ஒரு நடுவரையும் போடலாம். உங்கள் சம்பளத்துக்கு அந்தக் காசு உறைக்காது. நடுவர் உறைப்பார்.

உங்களுக்கோ குடும்பத்திலேயே நடுவர் இருக்கிறார், உங்கள் பெரியப்பா. அவரிடம் ஒளித்து வைத்து, ஆச்சரியப்படுத்தப் போகிறாராம்! கண் மங்கின மனிதர் கையில் அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்து என்ன செய்யச் சொல்கிறீர்கள், தடவிப் பார்க்கவா? காது கேட்கும்போதே வாசித்துக் காட்டுங்கள் அய்யா. இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம், முதல் கேசட்டில் எழுதின அளவுக்கு. பத்து வரிதான் இருக்கிறதென்றால் பத்து வரி. “எலே, அந்த அடி அப்படி இல்ல” என்பார். சண்டை பிடிப்பார். அடித்து எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் வரவில்லை என்றால் அவரே போன் பண்ணுவார். அப்போது எந்த நாளுக்குத் தள்ளிப் போடுவீர்கள் என்று பார்க்கிறேன்.

செயலி எது என்று கேட்டிருந்தீர்கள். ஏதோ ஒன்று, ஊதா நிறம் இல்லாததாக. எழுதினதை எனக்கு அனுப்ப வேண்டாம். நான் “பிரமாதம்” என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன், குடத்தில் அடி எங்கே மாறும் என்று எனக்கு என்ன தெரியும்.