விருதுநகரில் ஓர் இரவு தங்குகிறோம்; உள்ளூர்ச் சாப்பாடு நன்றாக எங்கே கிடைக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் போகிறோம், வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள், இரவு விருதுநகரில் தங்குகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். "சின்ன ஊர்தானே, ஒன்றும் கிடைக்காவிட்டால் பைபாஸிலேயே சாப்பிட்டுக்கொள்கிறோம்" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது விருதுநகரில். காமராஜர் பிறந்த ஊர். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956-இல் சங்கரலிங்கனார் உயிரே போகும் வரைக்கும் விடாத உண்ணாவிரதத்துக்கு உட்கார்ந்த ஊர். பருப்பு, எண்ணெய், மிளகாய் வத்தல் விலைக்கு இன்றும் செய்தித்தாளில் "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்" என்று தனியாகப் போடுகிறார்கள். சின்ன ஊர் என்று சொல்லுங்கள், ஒன்றும் கிடைக்காத ஊர் என்று சொல்லாதீர்கள்.

சாப்பிட வேண்டியது எண்ணெய் பரோட்டா. இப்போது சென்னையிலும் விருதுநகர் பெயரைப் போட்டுக் கடைகள் இருக்கின்றன, நீங்கள் சாப்பிட்டிருக்கலாம். அதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

மைதா உடம்புக்குக் கேடு என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: எனக்கும் தெரியும். எனக்கே சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் சாப்பிடுங்கள் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. ஆயுளில் ஒரு ராத்திரி ஓர் ஊரில் தங்கப்போகிறவருக்குச் சொல்கிறேன். மதுரைக்காரர்களும் செங்கோட்டைக்காரர்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பரோட்டாவை நான் குறை சொல்லவில்லை. கேள்வி விருதுநகரைப் பற்றியது.

இனி என் கதை. அப்பா வத்தல் மண்டியில் எடை போடுகிற வேலையில் இருந்தார். ராத்திரி அவர் வீட்டுக்குள் நுழைந்தால் நாங்கள் மூன்று பேரும் தும்முவோம். சட்டையில் அவ்வளவு நெடி இருக்கும். சனிக்கிழமை சம்பளம். அன்றைக்கு மட்டும் தும்மலோடு இன்னொரு வாசனையும் சேர்ந்து வரும். வாழையிலையில் மடித்து, அதன்மேல் செய்தித்தாளைச் சுற்றி, நூல் போட்டுக் கட்டிய பொட்டலம். இன்னொரு கையில் சால்னா வாங்கிய தூக்குவாளி. பொட்டலத்தைப் பிரிக்கும்போது இலை சூட்டில் வெந்து கறுத்துப்போயிருக்கும். அந்த இலை வாசனைதான் எனக்கு இன்றைக்கும் பரோட்டா வாசனை. "எண்ணெய் வியாபாரம் செய்கிற ஊரில் பரோட்டாவை எண்ணெயில் போடாமல் வேறெதில் போடுவார்கள்?" என்பார் அப்பா. அதுதான் காரணமா என்று நான் ஆராய்ந்ததில்லை. எனக்கு அந்தப் பதில் போதும்.

அப்பா இறந்த பிறகு 2018-இல் வீட்டை விற்றுவிட்டோம். நான் ஓசூரில் இருக்கிறேன். 2023 மே மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். திருநெல்வேலி, கோவில்பட்டி, சாத்தூர் என்று எங்களுக்கு ஓசூர் வரைக்கும் ஒரே 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு கிளம்பும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. விருதுநகர் நெருங்கியதும் என் மனைவி, "ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டாம், இங்கேயே தங்கிவிடலாம்" என்றாள். என் சொந்த ஊரில் நான் லாட்ஜில் அறை எடுத்தது அன்றைக்குத்தான்.

பதிவேட்டை நீட்டிய பையன், "எந்த ஊர் சார்?" என்று கேட்டான். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு ஓசூர் என்று எழுதினேன். எழுதிய கை எனக்குப் பிடிக்கவில்லை.

அறையில் பையை வைத்துவிட்டு, அப்பா வாங்கி வந்த கடைக்கு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கடை இல்லை. செல்போன் விற்றுக்கொண்டிருந்தார்கள். தெப்பக்குளம் வரை நடந்துவிட்டுத் திரும்பி லாட்ஜுக்கே வந்து, வெளியூர்க்காரனைப் போல அந்தப் பையனிடமே கேட்டேன்: "தம்பி, இங்கே நல்ல ஹோட்டல் எது?"

"காரில்தானே வந்திருக்கிறீர்கள், பைபாஸில் ஏசி ஹோட்டல் இருக்கிறது சார்" என்றான்.

அவன்மேல் தப்பில்லை. நான் கேட்ட கேள்வி அப்படி. காரில் குடும்பத்தோடு வருகிறவனுக்கு ஏசியும் வண்டி நிறுத்த இடமும்தான் வேண்டியிருக்கும் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். மறுபடி கேட்டேன்: "நேற்று ராத்திரி நீ எங்கே சாப்பிட்டாய்?" அவன் முகமே மாறிவிட்டது. சந்து, அதில் எத்தனையாவது கடை, எந்த மாஸ்டர் நிற்கும்போது போக வேண்டும் எல்லாம் சொன்னான். ஒன்பது மணிக்குமேல் போனால் கறிச் சால்னா தீர்ந்துவிடும் என்றும் எச்சரித்து அனுப்பினான்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்களே, இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. எந்த ஊரானாலும் "நல்ல கடை எது" என்று கேட்காதீர்கள், "நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்" என்று கேளுங்கள். பெட்ரோல் போடுகிறவர், மூட்டை இறக்குகிறவர், ஆட்டோக்காரர் என்று அங்கேயே வேலை செய்து அங்கேயே பசிக்கிறவர்களிடம் கேளுங்கள். எண்ணெய் பரோட்டா என்றதும் பர்மா கடையின் பெயரைப் பலரும் சொல்வார்கள். பேர் பெற்ற கடைதான், போகலாம். ஆனாலும் கேட்டுவிட்டுப் போங்கள்.

லாட்ஜ் பையன் சொன்ன கடையில் நான்கு மேஜைதான். வாசலிலேயே கல். விளிம்பு உயர்ந்த அகலமான இரும்புக் கல்லில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. மாஸ்டர் உருண்டையைத் தட்டி, வீசி, கண்ணாடிபோல் ஆனதும் கொசுவிச் சுற்றி, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தி ஓரமாக வழுக்கி விடுகிறார். போட்டவுடன் அடியில் அமிழ்ந்து, அப்புறம் விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாய் நுரை கிளம்புகிறது. சுருளின் ஓரம் முதலில் சிவக்கிறது, நடுப்பகுதி பிறகு. எடுத்ததும் சரிவில் ஒதுக்கி எண்ணெயை வடிய விடுகிறார். மற்ற ஊர்ப் பரோட்டாவைவிடச் சின்னதுதான். பிய்த்தால் மேலே நொறுங்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். பதினொரு வயது மகள் சாப்பிட வந்ததையே மறந்து கல்லடியில் நின்றுவிட்டாள். "பாப்பா, எண்ணெய் தெறிக்கும், தள்ளி நில்லு" என்று மாஸ்டர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

இலையில் இரண்டு போட்டார்கள். முழுவதையும் பிய்த்துப் போட்டு, நடுவில் குழி செய்து, கறிச் சால்னாவை ஊற்றி ஒரு நிமிடம் விட வேண்டும். அடியில் இருப்பது ஊறிவிடும், மேலே இருப்பது மொறுமொறுப்பாகவே இருக்கும். இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். தொட்டுத்தொட்டுச் சாப்பிடுவது சப்பாத்திக்குச் சரி. கூட ஒரு சுக்கா சொல்லுங்கள், நான்கு பேருக்கு ஒரு தட்டே போதும்.

மகள் சாப்பிட்டுக்கொண்டே, "தாத்தா எத்தனை சாப்பிடுவார்?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. சனிக்கிழமை தவறாமல் எங்களுக்கு வாங்கி வந்தவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. கடையிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பார். சாப்பிட்டாரா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பைபாஸ் என்று எழுதினீர்கள் அல்லவா, அதைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றலாம், எனக்கு இருக்கிறது. 2012 தீபாவளிக்குக் கைக்குழந்தையோடு ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்தோம். டிக்கெட்டில் விருதுநகர் என்று தெளிவாக இருக்கிறது. காலை மூன்று மணிக்கு எழுப்பி, "ஊருக்குள் போகாது, இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்" என்று பைபாஸ் இருட்டில் இறக்கிவிட்டார்கள். முழுக் கட்டணம் கொடுத்தவனை ஊர் வாசலில் இறக்கிவிடுவது என்ன நியாயம்? ஆட்டோவும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குழந்தையை மனைவி சுமக்க, தூறலில் நடந்தோம். இப்படிப் பல ஊர்க்காரர்கள் நடந்திருக்கிறார்கள். பைபாஸோடு ஓர் ஊரைப் பார்த்ததாக நினைத்துப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்த இருட்டுதான் ஞாபகம் வரும். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஊருக்குள் வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏழரை, எட்டு மணிக்குள் போய்விடுங்கள். சைவம் என்றால் சைவக் கடைகளில் குருமாவோடு கிடைக்கும், ஆனால் நான் சொல்கிற ருசி சால்னாவோடுதான். சந்துக்குள் கார் நுழையாது, நடந்துதான் போக வேண்டும். அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாதென்றால் அறையிலேயே இருக்கட்டும். அவருக்கு இரண்டை மட்டும் அதிகம் வேக விடாமல் எடுத்துத் தரச் சொல்லுங்கள், மாஸ்டரிடம் பெரியவர்களுக்கு என்று சொன்னால் செய்து கொடுப்பார். இலையில் கட்டச் சொல்லுங்கள். சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தர வருவார்கள், வாங்காதீர்கள். சென்னையிலிருந்து கிளம்பும்போதே மூடி சரியாக இருக்கிற ஒரு தூக்குவாளியைக் காரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.