அந்தக் கால அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தின் கையெழுத்துள்ள பழைய பந்து கிடைத்திருக்கிறது. அது உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நியூ ஜெர்சியில் ஒரு கராஜ் சேலில் (வீட்டு வாசலில் பழைய பொருட்களை விற்கும் இடத்தில்) வாங்கினேன், கூடவே ஒரு சான்றிதழும் தந்தார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். கையெழுத்தையும் இப்போதைக்குப் பார்க்க வேண்டாம். பந்தைப் பாருங்கள். பழைய பந்துகளில் எனக்குப் பல வருட ஆர்வம் உண்டு. நான் பார்த்த போலிகளில் பலவும் கையெழுத்துவரை போவதற்கு முன்பே பந்திலேயே மாட்டிக்கொண்டவை.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு பெரிய லீக்குகள் உண்டு. அந்தக் காலத்து அதிகாரப்பூர்வப் பந்துகளில் அந்தந்த லீக் தலைவரின் கையெழுத்து முத்திரையாக அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்கன் லீக் என்றால் 1931 முதல் 1959 வரை வில் ஹாரிட்ஜ், அதன் பிறகு 1973 வரை ஜோ க்ரோனின். ரூத் இறந்தது 1948 ஆகஸ்ட் 16. ஆகவே முத்திரையில் க்ரோனின் பெயர் இருந்தால் ஆராய்ச்சியே தேவையில்லை, போலிதான். நேஷனல் லீகில் 1934 முதல் 1951 வரை ஃபோர்ட் ஃப்ரிக், அவருக்குப் பின் வாரன் கைல்ஸ். கைல்ஸ் பந்தில் ரூத் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அதிகாரப்பூர்வ லீக் பந்தில் ராலிங்ஸ் என்று கம்பெனி பெயர் இருந்தாலும் கதை முடிந்தது. 1977இல்தான் அவர்கள் இரண்டு லீக்குகளுக்கும் பந்து தர ஆரம்பித்தார்கள். ரூத் காலத்தில் அமெரிக்கன் லீகுக்கு ரீச், நேஷனல் லீகுக்கு ஸ்பால்டிங்.

தையலையும் பாருங்கள். 1930களின் நடுப்பகுதிவரை அமெரிக்கன் லீக் பந்தில் சிவப்பும் நீலமும், நேஷனல் லீக் பந்தில் சிவப்பும் கருப்புமாக நூல் கலந்திருக்கும். பிறகு வெறும் சிவப்பு. தோலும் 1974இல் குதிரைத் தோலிலிருந்து மாட்டுத் தோலுக்கு மாறியது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பந்து பழசாக இருந்தால் கையெழுத்தும் பழசு என்று ஆகிவிடாது. கையெழுத்தில்லாத பழைய ஹாரிட்ஜ் பந்துகளைத் தேடி வாங்கி அதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பந்து ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்லும், ‘ஆம்’ என்று ஒருபோதும் சொல்லாது.

அடுத்தது மை. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945 அக்டோபரில். ரூத்தின் அணித் தோழர் லூ கெரிக் 1941 ஜூனில் இறந்துவிட்டார், அதனால் பால்பாயிண்டில் கெரிக் கையெழுத்து என்றால் யோசிக்கவே வேண்டாம். ரூத் விஷயத்தில் கடைசி மூன்று வருடங்களில் அதற்கு வாய்ப்பு உண்டு. ஷார்பி மார்க்கர் 1964இல்தான் வந்தது. இங்க் பேனா எழுத்தாக இருந்தால் லென்ஸ் வைத்து, தோலில் கீறலும் வெடிப்பும் உள்ள இடங்களைப் பாருங்கள். கீறல் எழுத்தை வெட்டிக்கொண்டு போனால் எழுத்து முந்தியது. மை கீறலுக்குள் இறங்கி ஊறியிருந்தால் தோல் சேதமான பிறகு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் கையெழுத்து. எழுத்தின் வடிவத்தைவிட அதன் வேகம் முக்கியம். ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டவர் கை யோசிக்காமல் ஓடும். கோடு மெலிதாகத் தொடங்கி, அழுத்தம் கூடிக் குறைந்து, வீச்சோடு முடியும். பார்த்து எழுதுகிறவர் வடிவத்தை அச்சாகக் கொண்டுவந்துவிடுவார், ஆனால் கோடு ஒரே தடிமனாக, லேசான நடுக்கத்தோடு, நடுவில் பேனாவைத் தூக்கி வைத்த தடத்தோடு இருக்கும். கோலத்தை ஒரே இழுப்பில் போட்டதற்கும் புள்ளி புள்ளியாகத் தேடி இணைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான். மை எல்லா இடத்திலும் ஒரே சீராக, பேனா அழுந்திய தடமே இல்லாமல் இருந்தால், அது நினைவுப் பொருளாக அச்சடித்த பந்தாக இருக்கலாம். அதில் ஏமாற்று இல்லை, மதிப்பும் அதிகம் இல்லை.

ஒரே அணியின் வீரர்கள் பலர் கையெழுத்திட்ட பந்து என்றால் எனக்குத் தனி ஆசை, ஏனென்றால் அதில் வரலாறே சாட்சி சொல்லும். ரூத் ஆடிய யாங்கீஸ் அணியின் 1927 பந்து என்று விற்பார்கள், அதில் பில் டிக்கி பெயர் இருக்கும். அவர் அணிக்கு வந்ததே 1928இல். தையல்களுக்கு நடுவே குறுகலாக இருக்கும் ‘ஸ்வீட் ஸ்பாட்’ இடத்தைப் பொதுவாக மேனேஜருக்கு விட்டுவைப்பார்கள். பத்துப் பெயர்களும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் ஒரே கை எழுதியது. அதுவும் மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நட்சத்திர வீரர்களுக்குப் பதிலாக உடைமாற்றும் அறைப் பையன்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் அப்போது இருந்தது.

சரி, சான்றிதழ். 1990களின் இறுதியில் எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் ஒரு போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள்கூட அங்கே சிக்கின! அந்தக் கும்பலின் சரக்கும் சான்றிதழோடுதான் விற்பனைக்குப் போனது. 2001இல் மேஜர் லீக் (அந்த இரண்டு லீக்குகளும் சேர்ந்த அமைப்பு) தொடங்கிய ஹாலோகிராம் ஸ்டிக்கர் முறை நேரில் பார்த்த சாட்சியை வைத்து இயங்குகிறது. ரூத் காலத்துப் பந்துக்கு அது உதவாது. அதற்குக் கையெழுத்துகளைச் சோதித்துச் சொல்லும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ போன்ற நிறுவனங்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் தருவதும் நிபுணரின் கருத்துதான், ஆனாலும் வாங்குகிறவர்கள் மதிக்கிற கருத்து.

அதுவரை பந்தைத் துடைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், மங்கிய எழுத்தின் மேல் பேனாவை ஓட்டவே ஓட்டாதீர்கள். அசல் கையெழுத்தாக இருந்தாலும் அதோடு அதன் மதிப்பு போய்விடும். முத்திரையில் யார் பெயர் இருக்கிறது, தையல் என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.